எழுதுவோருக்கு ஒரு சங்கம் வேண்டும்

(திருகோணமலையில் எழுத்தாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தம்பலகாமத்துக் கமக்காரர் விலை பேசாமல் நெல்லை அளந்து கொடுப்பாரா? நம் இளைஞரோ ஊதியம் எவ்வளவென்று கேளாமலே பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்புகின்றனர். கேட்பது இழிவென்று எண்ணம் போலும்!

சட்டம் அவர்கள் பக்கமே நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சம்பள உத்தியோகமாக அன்றித் தாமாக எழுதியதன் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியது. அவருடைய ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். பிறருக்கு மாற்றுவதாயின் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

பணம் மட்டுமா பிரச்சினை? 2006 ஜனவரி 2ஆம் நாள் இந்நகர்க் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்ததென்றது படைத்தரப்பு. சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்களை எடுத்தவர், 'சுடர் ஒளி'யின் பகுதிநேர நிருபர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் நாள் காலை, பிழைப்புக்காகச் செய்த வேறு வேலைக்குச் செல்லப் பேருந்துக்குக் காத்துநின்ற அவரைச் சுட்டுக் கொன்றனர். தனித்து எழுதுபவருக்கு மிரட்டலும் தனித்தே வருகிறது. அன்றே அதைக் கேட்டறிய நால்வராவது வேண்டும்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் டொறொன்ரோவிலும் தமிழ் எழுத்தை வாங்குவோர் உளர். எவர் நேரத்துக்குப் பணம் தருகிறார், எவர் இழுத்தடிக்கிறார் என்பதை அறிந்தவர் மற்றவர்க்குச் சொல்லட்டும். இன்று ஒவ்வொருவரும் அதை மறைத்தே வைத்திருக்கிறோம், நானுந்தான்.

வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. பெயரையும் எழுதும் துறையையும் பதிந்துவிட்டுச் செல்லுங்கள்.