பிறர் பொருளால் நடந்த ஆராய்ச்சி

பிறந்த குழந்தை அழாவிடில் உற்றார் நெஞ்சம் படும் பாட்டைக் கராடியில் வாழும் நாம் அனைவரும் அறிவோம். பிறக்கும்போது மூச்சுத் தடைப்பட்டு மூளை நலிந்த சிசுவின் உடலை 3 நாள் குளிர்வித்துக் காப்பது மேனாட்டு முறை. அது இங்கும் பலிக்குமா என்றறிய, பிரிட்டிஷ் அரசின் ஆராய்ச்சி நிதி முதலியவற்றின் துணைகொண்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரியினரும், சென்னை உள்ளிட்ட இந்திய, இலங்கை, வங்காளதேச மருத்துவமனைகள் ஏழும் கூடி 408 சிசுக்களிடம் சோதித்தனர்.

முடிவு 2021-இல் வெளிவந்தது. குளிர்வித்த சிசுக்களுள் நூற்றுக்கு 42 மாண்டன, குளிர்விக்காதவற்றுள் 31. பொருள் தந்தோர் நாட்டு முறை நம் நாடுகளில் பலிக்கவில்லை. அதனை மறையாது அச்சிட்டனர். கூலி கட்டியவருக்காகச் சரக்கின் எடையை மாற்றி எழுதலாகாது என்பது எம் ரயில்வே அலுவலகப் பாடம். அந்நேர்மையுள்ள கூட்டாராய்ச்சிக்கு நம் சங்கமும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.