சாலை வாத்தியார் ஆகுமா?

இருபது நிமிடமாக எங்களையெல்லாம் ஒரு வேனில் ஏற்றி உலகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, டீசல் காசுகூட வாங்காமல் போய் உட்கார்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே!

பிள்ளைகளுக்கு அறிவைத் தருவது பள்ளிக்கூடமா, ஊர்சுற்றும் பயணமா என்று கேட்கிறீர்கள். சகோதரி ஒரு குடும்பத்தைச் சொன்னார்கள். வீட்டை விற்றார்களாம், வேலையை விட்டார்களாம், வேன் வாங்கினார்களாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டுப் புறப்பட்டார்களாம். தஞ்சாவூர் போனால் வரலாறு, கன்னியாகுமரி போனால் புவியியல், டீக்கடையில் சில்லறை வாங்கினால் கணக்கு. கேட்கக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. நானும்தான் கைதட்டினேன், நடுவர் பார்த்தீர்கள்.

கைதட்டி முடித்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. அந்த டீக்கடையிலே கிளாஸ் கழுவுகிற பையன் ஒருத்தன் இருப்பானே, அவன் கையிலும் அதே சில்லறைதானே புரளுகிறது? ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குப் பாக்கி கொடுக்கிறானே! அவன் ஏனய்யா கணக்கு மேதை ஆகவில்லை? தஞ்சைப் பெரிய கோயில் வாசலிலே பாசிமணி விற்கிற அம்மாவின் இடுப்பிலே ஒரு குழந்தை இருக்கும். அது பிறந்த நாளிலிருந்து அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. வேனில் வந்த பிள்ளை அரைநாள் பார்த்தது, இது ஆயிரம் நாள் பார்த்தது. இராசராசன் பெயர் இதற்குத் தெரியுமா? 1010-ஆம் ஆண்டிலே கட்டி முடித்தான் என்று தெரியுமா? கோயிலைச் சுற்றிக் கல்லிலே எழுதித்தான் வைத்திருக்கிறான். எழுதி என்ன செய்ய? கல் வாய் திறந்து பேசாது. பக்கத்திலே குனிந்து, "கண்ணு, இது என்ன எழுத்து தெரியுமா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

நடுவர் அவர்களே, நான் பேச வந்தது அந்த ஆளைப் பற்றித்தான். சாலை பாடம் நடத்தாது. சாலையிலே கூட வருகிற ஒரு மனுஷர் பாடம் நடத்துவார்.

உலகம் முழுக்கத் தெரிந்த குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினாவிலே ஹெர்மன் சாப், கான்டலாரியா என்று கணவன் மனைவி. 2000-ஆம் ஆண்டு சனவரியிலே, 1928-இல் செய்த ஒரு பழைய கிரஹாம் பெய்ஜ் காரிலே புறப்பட்டார்கள். அலாஸ்கா வரைக்கும் போய்வர ஆறு மாதம் என்று கணக்கு. கடைசியில் ஊர் திரும்பியது எப்போது? 2022 மார்ச்சிலே! நம்ம வீட்டிலே "அஞ்சு நிமிஷத்திலே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை இனிமேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். (சிரிப்பு) இருபத்திரண்டு வருடம், 102 நாடு, சுமார் 3,62,000 கிலோமீட்டர். வழியிலே நான்கு பிள்ளைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டிலே பிறந்தது. வழிச் செலவுக்குத் தாங்கள் எழுதிய புத்தகத்தைத் தாங்களே விற்றார்கள். நான் அவர்களை வணங்குகிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது யார்? காரா சொன்னது? அந்தத் தாய் சொன்னாள். ஓடுகிற காரை ஒரு வகுப்பறையாக ஆக்கினாள். அப்படியென்றால் அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போகவில்லை, டிக்கியிலே போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்!

அடுத்து, தாகூரைத் துணைக்கு அழைத்தார்கள். தாகூருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது என்றார்கள். வாஸ்தவம், பிடிக்காது. 1873-இல், பதினொரு வயதிலே, தகப்பனார் தேவேந்திரநாதர் அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். சாந்திநிகேதன், அமிர்தசரசு, அப்புறம் டல்ஹவுசி மலை. வழியெல்லாம் சமஸ்கிருதம், ஆங்கிலம். இராத்திரியிலே நட்சத்திரத்தைக் காட்டி வானசாஸ்திரம். இதைவிட அழகான பயணக் கல்வி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயத்தைச் சகோதரி சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒன்று, அந்தத் தகப்பனார் ஒரு மகரிஷி, அதோடு ஜமீன்தார். நட்சத்திரத்தைக் காட்ட அவருக்கு நேரம் இருந்தது. நம்ம ஊர் அப்பாவுக்கு இராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே நட்சத்திரம் தெரிகிறது! (சிரிப்பு, கைதட்டல்) இரண்டாவது, பள்ளிக்கூடமே பிடிக்காத அந்தத் தாகூர் வளர்ந்து பெரியவரான பிறகு என்ன செய்தார்? 1901-இல் சாந்திநிகேதனிலே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்! பிடிக்காத பள்ளிக்கூடத்துக்கு மருந்து இன்னொரு நல்ல பள்ளிக்கூடம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவர் பிடிக்காவிட்டால் மரத்தடியிலே வைத்தார். வாத்தியாரை எடுத்துவிடவில்லை.

எங்கள் பக்கத்திலும் ஊர் ஊராக அலைந்த ஒரு குடும்பம் உண்டு. தமிழ் படித்தவன் இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குச் சோறு இறங்காது. 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர். தகப்பனாருக்குப் பிழைப்பு சங்கீதமும் இராமாயணக் கதையும். மகனும் சங்கீதம் படிக்க வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். அந்தக் குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன ஊர்களைப் பாருங்கள். அரியலூரிலே சடகோபையங்கார் தமிழ் சொன்னார். குன்னத்திலே சிதம்பரம் பிள்ளை. கார்குடியிலே கஸ்தூரி ஐயங்கார். செங்கணத்திலே விருத்தாசல ரெட்டியார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆசிரியர்! "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் தம்பி, இனிமேல் பெரிய இடத்துக்குப் போ" என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அந்தப் பிள்ளை போனது. கடைசியில் 1871-இல் மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தப் பையன்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிலே ஏற்றினார். அவர்களும் பயணம்தான் போனார்கள். ஆசிரியரைத் தேடிப் போன பயணம் அது. இங்கே எதிரணி வேனிலே வாத்தியாரை விட்டுவிட்டு எங்கேயோ போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரைச் சுற்றிக்கொண்டே வாழ்கிற குடும்பம் என்றவுடன் உங்களுக்கு வேன்தான் ஞாபகம் வருகிறது. எனக்குக் கீதாரிகள் ஞாபகம் வருகிறார்கள். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வருவார்கள். அறுப்பு முடிந்த வயலிலே கிடை போடுவார்கள். வயலுக்கு எரு, அவர்களுக்குக் கூலி. இன்றைக்கு ஒரு வயல், நாளைக்கு ஒரு வயல். மாதக்கணக்கில் நிரந்தரப் பயணம்தான்.

ஒருமுறை ஒரத்தநாடு போகிற வழியிலே பஸ் பழுதாகி நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். வயலிலே கிடை. ஒரு கீதாரி, ஐம்பது வயதிருக்கும், கூடையைக் கவிழ்த்துக் குட்டிகளை அடைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எத்தனை நாளிலே மழை, எந்தத் தழை தின்றால் ஆட்டுக்கு வயிறு உப்பும், முந்நூறு ஆட்டிலே எந்தக் குட்டிக்கு எது தாய், அத்தனையும் சொன்னார். எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தவர்கள் அவரைப் பார்த்திருந்தால் என்னிடமிருந்து அதைத் திருப்பி வாங்கியிருப்பார்கள். "பையன் இருக்கானா?" என்றேன். "இருக்கான் சார்." "கூட்டிக்கிட்டு வரலையா?" சிரித்தார். "எங்கூட வந்தா ஆடுதான் சார் படிக்கலாம். அவன் ஊர்ல அப்பத்தாகிட்ட இருந்து எட்டாவது படிக்கிறான்" என்றார்.

பயணத்தின் பெருமை அவருக்குத் தெரியாதா நடுவர் அவர்களே? உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததைவிட நூறு மடங்கு தெரியும். தெரிந்தவர்தான் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மாதக்கணக்காகப் பிள்ளை முகம் பார்க்காமல் வயலிலே படுத்துக் கிடக்கிறார். எதற்காக?

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மழை ஓய்ந்ததும் வருவார்கள், அடுத்த மழைக்கு முன்னால் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளும் வெகுதூரம் ரயிலிலே வந்தவர்கள்தான். ஆந்திராவைப் பார்த்தார்கள், கோதாவரியைப் பார்த்தார்கள். யாராவது அதைக் கல்விச் சுற்றுலா என்று சொல்வோமா? அந்தப் பிள்ளைகளுக்காகச் சூளைப் பக்கத்திலேயே மையம் வைத்து, ஒடியா மொழிப் புத்தகத்தை வரவழைத்துப் பாடம் சொன்னார்கள். பயணத்துக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடம் ஓடியிருக்கிறது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்ததே, ஆறு வயது முதல் பதினாலு வயது வரை, அது இந்தப் பிள்ளைக்காக வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால்தான் பிள்ளைக்குப் படிப்பு என்கிற நிலைமை மாறவேண்டும் என்று வந்தது. வேனிலே இருக்கிற அம்மா எம்.எஸ்ஸி. படித்தவர், மடியிலே கணினி இருக்கிறது. அவர் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொன்னால் அவர் பிள்ளைக்கு நட்டமில்லை. "படித்தவர்களே வேண்டாம் என்கிறார்கள், நமக்கு எதற்கு" என்று சூளைக்காரர் கேட்டால் யாருக்கு நட்டம்?

திறந்தநிலைப் பள்ளியிலே வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம் என்றார்கள். எழுதலாம். பதினாலு வயது ஆனால் பத்தாம் வகுப்பே எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி! பெயரிலேயே பள்ளி இருக்கிறதே அம்மா! (சிரிப்பு)

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கப் பொதுவாக அனுமதி கிடையாது. ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனது. 2019-இலே தீர்ப்பு பெற்றோருக்குச் சாதகமாக வரவில்லை. அந்த வழக்கிலே பிள்ளைகளைச் சில வாரம் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்தார்கள், அது எனக்குச் சம்மதமில்லை, கொடுமை. ஆனால் அந்த நாடு எதற்கு இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். தன் வீட்டுக்காரர் அல்லாத மனிதரோடும் பிள்ளை பழக வேண்டும் என்கிறார்கள்.

வேனிலே அப்பா ஆசிரியர், அம்மா தலைமை ஆசிரியர். பையன் லீவு லெட்டர் யாருக்கு எழுதுவான்? "வயிற்று வலி" என்று எழுதினால் பக்கத்து சீட்டிலிருந்தே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள்! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அப்பா மேலே ஒரு வருத்தம். யாரிடம் சொல்லும்? முப்பது வருடமாக வகுப்பிலே நிற்கிறேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு புத்தகத்தை அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டே இருக்கும் ஒரு பெண். "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்லை சார்" என்று சொல்லும். மூன்றாவது நாள்தான் வாயைத் திறக்கும். "வீட்டிலே படிப்பை நிறுத்தப் போறாங்க சார்." அந்த வார்த்தையை அந்தப் பெண் வீட்டிலேயே சொல்ல முடியாது. வீட்டுக்கு வெளியே ஒரு காது வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு இடம் வேண்டும், நாளைக்கும் அதே இடத்திலே இருக்கிற இடம். பெற்றவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், ஓடுகிற வண்டியிலே அந்தக் காதை எங்கேயம்மா வைப்பீர்கள்?

நடுவர் மணி அடித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு குறிப்பு கையிலே இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்காகப் பேச வந்தவன் மணிக்குக் கட்டுப்படாமல் நின்றால் எதிரணி என்னை விட்டுவைப்பார்களா? உட்காருகிறேன். (கைதட்டல்)