தாயின் ரத்தத்தில் கொழுப்பு

 

நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டோம். ரேஷன் கார்டைப் படிக்கிறோம். ரத்தம் சோதித்த சீட்டையும் படிக்கிறோம். அந்தச் சீட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு கர்ப்பிணியின் சீட்டில் ‘கொலஸ்ட்ரால் 250’ என்று இருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் ‘200-க்குள்’ என்று அச்சிட்டிருக்கிறது. வீடே பயந்துவிடும். அவளுக்குப் பாலை நிறுத்துவார்கள். முட்டையை நிறுத்துவார்கள். இது சரியா?

சரியில்லை. அந்த 200 கர்ப்பம் இல்லாதவர்களுக்குச் சொன்ன கணக்கு.

கர்ப்பத்தில் கொழுப்பு ஏன் கூடுகிறது?

வெள்ளாமை வந்ததும் நெல்லைப் பத்தாயத்தில் போட்டு வைக்கிறோம். பிறகு எடுத்துச் செலவு செய்கிறோம். தாயின் உடம்பும் அப்படித்தான். முதல் மாதங்களில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். கடைசி மாதங்களில் அதை எடுத்து ரத்தத்தில் விடும். தாய்க்கு அந்தக் கொழுப்பு பலம் தரும். ரத்தத்தில் உள்ள சர்க்கரை குழந்தைக்குப் போகும்.

குழந்தையின் மூளை வளரவும் கொழுப்பு வேண்டும். கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனை நஞ்சுக்கொடி கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது.

ஆகவே பிரசவம் நெருங்கும்போது கொலஸ்ட்ரால் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடலாம். டிரைகிளிசரைடு என்று இன்னொரு கொழுப்பு உண்டு. அது இரண்டு, மூன்று மடங்குகூட ஆகலாம்.

பிரசவத்துக்குப் பிறகு என்ன ஆகும்?

டிரைகிளிசரைடு சில வாரங்களில் இறங்கிவிடும். கொலஸ்ட்ரால் மெதுவாக இறங்கும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ரத்தத்தில் உள்ள கொழுப்பை எடுத்துத்தான் மார்பு பால் சுரக்கிறது. அதனால் பால் கொடுக்கும் தாய்க்கு டிரைகிளிசரைடு சீக்கிரம் குறையும். முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். இருவருக்கும் நல்லது.

கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டுமானால் பிரசவம் ஆகி 3 மாதம் கழித்துப் பாருங்கள். அப்போதும் அதிகமாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்ப காலத்தில் தவறாமல் பார்க்க வேண்டியவை வேறு. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை போன்றவை அவை.

எப்போது கவனம் வேண்டும்?

முன்பே கொழுப்பு நோயோ சர்க்கரை நோயோ இருந்தால், கர்ப்பம் தெரிந்ததுமே டாக்டரிடம் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

டிரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினால் ஆபத்து. கணையம் வீங்கலாம். மேல்வயிறு கடுமையாக வலிக்கும். வலி முதுகுக்குப் பரவும். வாந்தி வரும். இதைச் சூட்டு வலி என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மற்றபடி கர்ப்பிணிக்குப் பட்டினி வேண்டாம். கீரை, பருப்பு, ராகி, முட்டை, மீன் கொடுங்கள். எண்ணெயில் பொரித்த பலகாரத்தைக் குறையுங்கள்.

சீட்டில் உள்ள எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. அது யாருடைய ரத்தம், எந்த மாதத்தில் எடுத்தது என்றும் பாருங்கள். விளங்காவிட்டால் ஆஷா அக்காவிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். கேட்டபிறகு சோற்றைக் குறைப்பதா, கூட்டுவதா என்று முடிவு செய்யலாம்.