பாலை என்றொரு பழமரம்



பாலை என்றதும் இலக்கியம் கற்றோர் மனத்தில் எழுவது வறண்ட நிலமும் பிரிவுத் துயரும். வன்னியில் பிறந்த எனக்கோ அச்சொல் நினைவூட்டுவது இனிப்பான ஒரு பழத்தை. சங்க நூல்கள் கூறும் பாலை மரம் எது என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. வெட்பாலை என்போரும் உளர். நான் பேச எடுத்துக்கொண்டது நமது உலர்வலயக் காடுகளின் பாலை. சிங்கள மக்கள் 'பலு' என்பது இதனையே. திருகோணமலையின் பாலையூற்றும் மட்டக்களப்பின் பாலையடிவட்டையும் இம்மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர்களே.

இலுப்பையும் சப்போட்டாவும் இதன் உறவு மரங்கள். வன்னிக் காடுகளில் முதிரை, வீரை, கருங்காலி ஆகியவற்றோடு சேர்ந்து நிற்பது. மிக மெதுவாக வளர்ந்து வைரம் பாய்வது. வெட்டிய கட்டையை நீரில் இட்டால் தாழும். வீட்டுத் தூணுக்கும் வளைக்கும் பாலத்துக்கும் புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைக்கும் இதனையே நாடினார்கள்.

வைகாசி, ஆனியில் சோளகம் வீசிக் குளங்கள் வற்றும் வேளையில்தான் பாலை பழுக்கும். வில்பத்துக் காட்டிலே கரடிகள் மரமேறித் தின்னும். வேப்பம்பழம் போன்ற மஞ்சள் பழம். நாலைந்து தின்றால் பால் பிடித்து உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அம்மாச்சி தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். மிஞ்சியதைப் பாயில் காயவைத்துச் சேமிப்பார்.

ஒருநாள் எட்டாத கொப்பொன்றை வெட்டி விழுத்தக் கத்தியை ஓங்கினேன். அப்பு கையைப் பிடித்துக்கொண்டார். "கீழை விழுறது எங்களுக்கு, மேலை நிக்கிறது கரடிக்கும் குருவிக்கும். கொப்பை வெட்டினால் வாற வருசம் என்னத்தைத் தின்னப்போறாய்?" என்றார்.

2009 இல் போர் முடிந்து, மறு ஆண்டு ஊர் திரும்பியபோது எங்கள் குளக்கட்டுப் பாலை அங்கில்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. யார் வெட்டினார் என நான் விசாரிக்கவில்லை. விறகுக்கும் பதுங்குகுழிக்கும் மரம் தேடிய காலம் அது. ஆனால் இன்று ஒரு கூடை பழத்துக்காகக் கொப்புகளைத் தறிப்பதற்கு அந்த நியாயமும் இல்லை. சந்தையில் பழம் வாங்கும் நாமும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அடிக்கட்டையின் அருகே ஒரு கன்று நட்டுவைத்தேன். அது காய்த்து நான் தின்பேனோ தெரியாது. என் பேரப்பிள்ளைகள் உதடு ஒட்டி நிற்பார்கள். அப்போது எண்ணெய் தடவிவிட யாராவது இருந்தால் போதும்.