முயல் பொம்மையும் மூன்றாம் சாமமும்



தீபாவளிக்குத் துணிமணி எடுக்க ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூர் தேக்காவுக்குப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சிராங்கூன் சாலை முழுவதும் வண்ண விளக்குகள். மணி இரவு பத்து. தகப்பனார் தோளில் இரண்டு வயதுக் குழந்தை. கண் சொருகுகிறது, ஆனால் தூங்காமல் சிணுங்குகிறது. அதன் கையில் காது பிய்ந்து நிறம் மங்கிய முயல் பொம்மை ஒன்று. அது கீழே விழுந்தால் போதும், பிள்ளை ஊரைக் கூட்டிவிடும். கடைவாசலில் புதுப் பொம்மைகள் எத்தனையோ தொங்க, இந்தக் கந்தல்மேல் ஏன் இவ்வளவு ஆசை?

மலாய்க்காரர்கள் இப்படிப்பட்ட பொருளை 'பந்தால் பூசோக்' என்பார்கள். நாற்றத் தலையணை என்று அர்த்தம். சிங்கப்பூர்ச் சீனர்கள் 'சௌ சௌ' என்பார்கள். அதற்கும் நாற்றம் என்பதே பொருள். கேலிப் பெயர்தான், ஆனாலும் விஷயத்தைச் சரியாகப் பிடித்த பெயர். அம்மாவின் வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், சிந்திய பால், தன் எச்சில் எல்லாம் கலந்த அந்த வாசனையில்தான் குழந்தைக்குத் தைரியம் வருகிறது.

டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். (வானொலியில் தாய்மார்களுக்குப் பல உரைகள் ஆற்றியவர் அவர்.) தாயை விட்டுச் சற்றே விலகியிருக்கக் குழந்தை பழகுகிற காலத்தில், ஒரு துணியோ பொம்மையோ தாய்க்கும் வெளியுலகுக்கும் நடுவே பாலம்போல் நிற்கிறது என்றார். அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்பவர் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்து வைத்தார். ஒன்று கம்பியால் ஆனது. பால் அதில்தான் கிடைக்கும். மற்றது துணி சுற்றியது. அதில் பால் இல்லை. குட்டிகள் கம்பியிடம் பாலைக் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டே கிடந்தன. 1958இல் இதை வெளியிட்டார். தாயைப் பிரித்து அந்தக் குட்டிகளை வதைத்தது எனக்குச் சம்மதமில்லை. எனினும் அதில் தெரிந்த உண்மையைத் தள்ளிவிட முடியாது.

இது நம் வீட்டுக் கதையும்தான். பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டும். அரைத் தூக்கத்தில் பிள்ளையைத் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அம்மா பக்கத்தில் படுத்த குழந்தை, விழித்தால் பாட்டி வீட்டில் இருக்கிறது. நாலு நாள் இப்படி நடந்தால் ஐந்தாம் நாள் அது தூங்க மறுக்கும். நாம் அதை அடம் என்கிறோம். கண்ணை மூடினால் அம்மா போய்விடுவாள் என்பது அதன் கணக்கு.

ஆகவே தூங்கவைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அம்மா இருட்டோட வேலைக்குப் போயிடுவேன். பாட்டி இருப்பாங்க. முயலும் உன்கூட வரும். பொழுது சாயறப்ப அம்மா வந்துடுவேன்." இரண்டு வயதுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்காதீர்கள். தினமும் அதே வார்த்தையைக் கேட்டால் புரியும். சொன்னபடி முயலும் கூடவே போகவேண்டும். அதை மறந்து வைத்துவிட்டு வந்தால் பாட்டி பாடு திண்டாட்டம்!

அடுத்தது, வரிசை. வெந்நீர்க் குளியல், உடம்பைத் தடவி விடுதல், மடியில் வைத்துத் தாலாட்டு, பிறகு விளக்கை அணைத்தல். 2009இல் அமெரிக்காவில் ஜோடி மிண்டெல் குழுவினர் 405 தாய்மார்களைக் கொண்டு ஏறக்குறைய இதே முறையைச் சோதித்தார்கள். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் சீக்கிரம் உறங்கினார்கள்; இரவில் விழிப்பதும் குறைந்தது; தாய்மாரின் மனநிலையும் மேம்பட்டது. நம் பாட்டிமார் யாரையும் கேட்காமல் செய்ததுதான். இப்போது அந்த இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொண்டது, வேறென்ன சொல்ல!

வரிசையில் பொம்மைக்கும் ஒரு வேலை கொடுங்கள். "முயலுக்குத் தூக்கம் வருது, நீ தட்டிக் கொடு" என்றால், தட்டுகிற கை தானே தளர்ந்துவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி, ஒன்று இரண்டு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் உறங்கவேண்டும். ஐந்து மணிக்கு எழுப்பித் தூக்கிச் செல்லப்படும் பிள்ளைக்கு இரவு எட்டு மணியே அதிகம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்குமிடத்தில் பொம்மை, தலையணை, தளர்ந்த துணி எதுவும் கூடாது. முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடும். ஸ்பிரிங் தொட்டிலைக் காட்டிலும் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பத்திரம். பெரிய பிள்ளையின் பொம்மையிலும் பொத்தான் கண் இருந்தால் பிடுங்கிவிட்டு, நூலால் கண் தைத்துவிடுங்கள்.

தேக்காவில் காசு கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அம்மாவின் பழைய நூல் சேலையைக் கிழித்து, அதிலேயே துணி அடைத்துத் தைத்தால் போதும்; வாசனையும் கூடவே வரும். இரண்டாகச் செய்து மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒன்று தொலைந்தாலும் சமாளிக்கலாம். சோறு தின்னாவிட்டால் முயலைத் தூக்கி எறிவேன் என்று மட்டும் மிரட்டாதீர்கள். துவைப்பதாக இருந்தால் வெயில் நாளில் காலையிலேயே, பிள்ளை பார்க்கும்படி துவைத்துக் கொடியில் போடுங்கள். பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும்.