கைத்தொழிலும் அத்தாட்சியும்
(சங்கரன்கோவில் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சங்கரநாராயணர் கோயிற் கோபுரத்தை நாடோறும் தரிசிக்கின்றோம். அதனை எழுப்பிய கைகளுக்குக் கோபுரமே அத்தாட்சி. இக்காலத்து வீட்டிலோ இரும்புக் கம்பியும் மின்கம்பியும் சுவருக்குள் மறைந்திருக்கின்றன. பிழை நேரின் உயிர்ச்சேதத்தாலன்றி வெளிப்படாது.

ஆதலின் மின்வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றுடையோர் மேற்பார்வையிற் செய்யவேண்டுமென்பது விதி. கொத்துவேலைக்கு நம் மாநிலத்தில் அத்தகைய கட்டாயமில்லை. 1994-இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்திற் பதிந்துகொள்வது உதவிப்பணம் பெறுதற்கேயன்றித் திறமைக்குச் சான்றாகாது. கைப்பழக்கத்தாற் கற்றோரைப் பரீட்சித்துச் சான்றளிக்கும் முறை, 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் இடம்பெற்றது.

கட்டாயமில்லையெனக் கல்லாதிருத்தல் நமக்கு அழகாகுமோ? கலவை குழையவேண்டி நீரை மிகுத்தாற் கான்கிரீட்டின் வலிமை குன்றும். வார்த்தபின் ஈரங்காவாவிடினும் குன்றும். இதனைக் குலம் கற்பியாது, கல்வியே கற்பிக்கும். தந்தையார் கரண்டியும் ரசமட்டமும் தருவர். அறிவை நாமே தேடல் வேண்டும்.

ஆகவே மாதமொரு ஞாயிறு நம் சங்கக் கட்டிடத்தில் தொழில் வகுப்பு நடத்துமாறும், அதில் எக்குலத்தாரையும் சேர்த்துக்கொள்ளுமாறும் வேண்டி அமர்கின்றோம். நாம் கட்டும் வீட்டில் உறங்குவோர் குலம் பார்த்தா உறங்குகின்றனர்?