பெயரை எடுத்துவிட்டால் போதுமா?



நான் வங்கிக் குமாஸ்தா. அரசு வங்கியில் சேரும்போதே, வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டம், 13ஆவது பிரிவு. வெளியே சொல்வதென்றால் டீக்கடையில் பேசுவது என்றுதான் நினைத்திருந்தோம். சாட்ஜிபிடியில் கொண்டுபோய் ஒட்டுவதும் வெளியே சொல்வதுதான். எழுதியது கம்பெனிக்காரன் கணினிக்குப் போகிறது. நாம் அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் எந்திரத்தின் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்வான். அழிச்சிட்டா போச்சு என்பதும் நிச்சயமில்லை. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனாளர்கள் அழித்த உரையாடல்களையும் பத்திரப்படுத்தச் சொல்லி 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சில மாதங்கள் அது அமலில் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்ததைச் சொல்லணும். குழந்தைகள் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் நீதிமன்றத்துக்கான அறிக்கையை இந்த எந்திரத்தை வைத்து எழுதினார். குழந்தையின் பெயரும் உள்ளே போனது. தகப்பன் ஒரு பொம்மையைப் பாலியல் காரியத்துக்குப் பயன்படுத்தியதாகப் புகார். அறிக்கையோ அந்தப் பொம்மையையே, வயதுக்கேற்ற விளையாட்டுச் சாமான் தருகிறார்கள் என்று பெற்றோருக்குச் சாதகமாக எழுதியிருந்தது! வழக்கின் முடிவு அதனால் மாறவில்லை, நல்லவேளை. 2024 செப்டம்பரில் மாநிலத் தகவல் ஆணையம் அத்துறையில் இவற்றைத் தடுக்கச் சொன்னது.

இங்கே 2025 ஜனவரியில் நிதி அமைச்சகம், அலுவலகக் கணினியில் சாட்ஜிபிடி, டீப்சீக் கூடாது என்றது. அரசாங்கத்துக்கு அதன் காகிதம் பற்றிக் கவலை. நம்ம காகிதம்?

வன்கொடுமை வழக்கின் வாக்குமூலம், உண்மையறியும் குழுவின் குறிப்பேடு, இதையெல்லாம் நம் வக்கீல் தோழர்களே அதில் போடுகிறார்கள். "பேரை எடுத்துட்டேன் தோழர்" என்கிறார்கள். ஊர், தேதி, காலனியில் எத்தனை வீடு, அவள் எந்த மில்லுக்குப் போகிறாள் – இதெல்லாம் அப்படியே இருக்கிறதே. பட்டணத்தில் பெயர் போனால் ஆள் மறையலாம். சேரியில் பெயரே தேவையில்லை, ஊர்த்தெருக்காரன் கண்டுபிடிச்சிடுவான். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை அச்சிடுவது குற்றம் என்று நம் பத்திரிகைகளுக்குத் தெரியும். அந்த எச்சரிக்கை தட்டச்சுக்கும் வேணும்.

முதல் தலைமுறை வக்கீலுக்கு இங்கிலீஷ் மனு எழுத இது கைகொடுக்கிறது. அதை இளக்காரமாகப் பேச மாட்டேன். அந்த மதிலைக் கட்டியவர்கள் நாமல்ல. மனுவின் வடிவத்தை மட்டும் கேளுங்கள், கோடிட்ட இடங்களோடு. ஊரையும் ஆளையும் நடந்ததையும் உங்கள் கையால் நிரப்புங்கள். அதற்கு மேல் ஏதாவது போடணும் என்றால், வாக்குமூலம் கொடுத்த அம்மாவிடம் இது எங்கே போகும் என்று தமிழில் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.